வளர்ச்சியா, மாற்றமா? மைசூர் – நீலகிரி நிலப்பகுதியை முன்வைத்து ஒரு சூழலியல் கலைச்சொல்லின் வரலாறு

1. முன்னுரை

ஒரு துறையின் கலைச்சொல் அத்துறையின் கருத்தைச் சுமந்து வருவதோடு, அக்கருத்துத் தோன்றிய காலத்தின் நம்பிக்கைகளையும் உடன் கொணர்கிறது. மூலமொழியில் அந்நம்பிக்கை கைவிடப்பட்ட பின்னரும், பெயர்ப்பு மொழியில் அது சொல்லின் உறுப்பாகவே நிலைத்துவிடுதல் உண்டு. ஓரிடத்தில் வாழும் உயிரினச் சமுதாயங்கள் காலப்போக்கில் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெறுவதைக் குறிக்கும் ‘சக்சஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லும், அதற்குத் தமிழ்நாட்டுத் தாவரவியல் பாடநூல்களில் வழங்கும் ‘வழிமுறை வளர்ச்சி’ என்னும் தொடரும் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை, பந்திப்பூர், முதுமலை, கூடலூர் வழியாக உதகமண்டலம் செல்லும் நெடுஞ்சாலை, சில மணி நேரத்திலேயே பல்வேறு தாவரச் சமுதாயங்களைக் கடக்கிறது. மைசூர்ப் பீடபூமியின் விளைநிலமும் முட்புதர்க் காடும் முதலில் வருகின்றன. பந்திப்பூரில் வறண்ட இலையுதிர் காடும், முதுமலையின் மேற்குப் பகுதியில் ஈர இலையுதிர் காடும் தொடர்கின்றன. மலையேறி 2,000 மீட்டர் உயரத்தை நெருங்கியதும் பரந்த புல்வெளிகளும், அவற்றின் பள்ளங்களில் அடர்ந்த சோலைகளும் காணப்படுகின்றன. இவற்றுள் எது எதிலிருந்து வந்தது, எது எதுவாக மாறும் என்னும் வினாவுக்கு 20ஆம் நூற்றாண்டில் தரப்பட்ட விடைகள் ஆய்வேடுகளோடு நின்றுவிடவில்லை. எந்நிலத்தில் மரம் நடுவது, எக்காட்டில் தீயைத் தடுப்பது, எதனைத் தரிசு என எழுதுவது என்பனவற்றையும் அவை தீர்மானித்தன. இந்நிலப்பகுதியின் வரலாற்றோடு பொருத்தி அக்கலைச்சொல்லை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கருத்தின் தோற்றமும் உருவகமும்

காட்டு மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெறும் முறையைக் குறித்து அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1860இல் ஓர் உரை நிகழ்த்தினார். அக்கருத்து ஓர் ஆய்வு முறையாக உருப்பெற்றது 1899இல் ஹென்றி கோல்ஸ் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளைப் பற்றி எழுதியபோதுதான் எனலாம். கரையருகே வெற்று மணல், அடுத்துப் புல், அடுத்துப் புதர், அதற்கும் அப்பால் மரக்காடு என அமைந்திருந்த வரிசையை அவர் கால வரிசையாகப் படித்தார். கரையிலிருந்து விலகிச் செல்லச் செல்ல மணல்மேட்டின் வயது கூடுகிறது என்பது அவ்வாசிப்பின் அடிப்படை. இடத்தைக் காலமாகப் படிக்கும் இம்முறை மிகுந்த பயன் தந்தது. பிழைக்கும் இடம் தந்தது. அதே மணல்மேடுகளை மீண்டும் ஆராய்ந்த ஜெரி ஓல்சன், அவையனைத்தும் ஒரே வகைக் காட்டை நோக்கிச் செல்லவில்லை என 1958இல் காட்டினார்.

இக்கருத்துக்கு முழுமையான கோட்பாட்டு வடிவம் தந்தவர் ஃபிரடெரிக் கிளெமென்ட்ஸ். 1916இல் வெளிவந்த அவரது நூல், தாவரச் சமுதாயத்தை ஓர் உயிராகவே கொண்டது. அது பிறக்கிறது, வளர்கிறது, முதிர்கிறது. ஒரு வட்டாரத்தின் தட்பவெப்பம் எந்த முதிர்நிலையை அனுமதிக்கிறதோ, அதுவே அங்குத் தோன்றும் எல்லாச் சமுதாயங்களுக்கும் இறுதி இலக்காகும். அவ்விறுதிநிலைக்கு வழங்கிய ‘கிளைமாக்ஸ்’ என்னும் சொல், ஏணி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று வந்ததாகும். ஏணிக்குப் படிகள் உண்டு. ஏறும் திசை ஒன்றே. இடையில் நிற்பது இன்னும் ஏறாததாகவோ, ஏறவிடாமல் தடுக்கப்பட்டதாகவோ மட்டுமே கருதப்படும்.

இவ்வுருவகத்தை ஹென்றி கிளீசன் 1926இல் மறுத்தார். ஒவ்வொரு தாவர இனமும் தன் இயல்புக்கு ஏற்பத் தனித்தனியே பரவுகிறது. சமுதாயம் என்பது அவை ஓரிடத்தில் கூடியதன் விளைவேயன்றித் தனி உயிரன்று என்பது அவர் கொள்கை. சூழல் மண்டலம் என்னும் கருத்துக்குரிய ஆங்கிலச் சொல்லை 1935இல் அறிமுகப்படுத்திய ஆர்தர் டான்ஸ்லி, அதே கட்டுரையில் கிளெமென்ட்ஸ் வழியினரின் உயிர் உருவகத்தையும் கண்டித்தார். 1977இல் கானல், ஸ்லேட்டியர் ஆகிய இருவரும் மூவகை நிகழ்முறைகளைப் பகுத்துக் காட்டினர். முன்வந்த இனம் பின்வருவதற்கு இடம் செய்துதரலாம், அதனைப் பொறுத்துக்கொள்ளலாம், வரவிடாமல் தடுக்கவும் செய்யலாம். இம்மூன்றனுள் முதலாவது மட்டுமே ஏணி உருவகத்துக்குப் பொருந்துவது என்பது குறிப்பிடத்தக்கது.

3. தமிழாக்கத்தின் அமைப்பு

‘சக்சஷன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஒன்றன்பின் ஒன்று வருதல், ஒருவருக்குப்பின் ஒருவர் உரிமை பெறுதல் என்பனவே பொருள். அரசுரிமைத் தொடர்ச்சிக்கும் இச்சொல்லே வழங்கும். பின்வந்தது முன்னதைவிட உயர்ந்தது என்னும் குறிப்பு அச்சொல்லில் இல்லை. அக்குறிப்பை ஏற்றியது கிளெமென்ட்ஸின் கோட்பாடே.

தமிழ்த் தொடரில் இரு கூறுகள் உள்ளன. முதற்கூறாகிய ‘வழிமுறை’ பழைய வழக்கில் வழிவழியாக வரும் முறை, தலைமுறை என்னும் பொருளுடையது. அவ்வகையில் மூலச்சொல்லின் உரிமைத்தொடர்ச்சிப் பொருளை அது செவ்வனே ஏந்துகிறது. ஆயின் இக்கால வழக்கில் ‘வழிமுறை’ என்பது செயல்முறை, உபாயம் என்னும் பொருளிலேயே பெருவழக்காக உள்ளது. ஆகவே ‘தாவர வழிமுறை வளர்ச்சி’ என்னும் தொடரை முதன்முறை காணும் மாணவர், தாவரம் வளரும் முறையைப் பற்றிய பாடம் என்று மயங்குதல் இயல்பு.

இரண்டாம் கூறாகிய ‘வளர்ச்சி’ மூலச்சொல்லில் இல்லாதது. கோட்பாட்டிலிருந்து சொல்லுக்குள் புகுந்தது. இதனால் ஒரு சமுதாயம் இன்னொன்றாக மாறுதல் என்பது வளர்தல் என்றே பெயரளவில் முடிவாகிவிடுகிறது. காடு புல்வெளியானால் அதுவும் ‘வழிமுறை வளர்ச்சி’யா என்னும் வினாவுக்கு இத்தொடருள் விடையில்லை. இந்தியில் வழங்கும் ‘அனுக்ரமண்’ என்னும் சொல் வரிசைமுறையை மட்டுமே உணர்த்துவது ஒப்புநோக்கத்தக்கது. ‘உச்சநிலைச் சமுதாயம்’ என்னும் மற்றொரு தமிழ்த் தொடரும் ஏணி உருவகத்தை அப்படியே பெயர்த்ததாகும்.

இவ்வாக்கங்களைப் பிழையென ஒதுக்குதல் பொருந்தாது. கிளெமென்ட்ஸ் கருதியது வளர்ச்சியையே; அவரது கோட்பாட்டுக்கு இதைவிடத் துல்லியமான தமிழ்ப்பெயர் அமைதல் அரிது. ஒரு கோட்பாட்டின் பெயரே நிகழ்வின் பொதுப்பெயராகவும் நின்றுவிட்டது என்பதே இங்குள்ள இடர்ப்பாடு. அதன் விளைவு எத்தகையது என்பதை நீலகிரியின் வரலாறு காட்டும்.

4. நீலகிரிப் புல்வெளி: பெயரும் விளைவும்

நீலகிரி மேட்டுநிலத்தில் சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை பெரும்பாலும் கோடு கிழித்தாற்போல் இருக்கும். சோலை என்னும் தமிழ்ச்சொல் ‘ஷோலா’ என ஆங்கிலத் தாவரவியலுள் புகுந்து, இவ்வகை மலைக்காட்டுக்கே உரிய கலைச்சொல்லாயிற்று. அதுவே பின்னர்த் தமிழுக்குத் திரும்பி ‘சோலைக்காடு’ என வழங்கலாயிற்று. மரத்தொகுதிக்குத் தமிழ்ப்பெயரே உலகப் பெயராயிற்று. புல்வெளிக்கோ அத்தகைய தனிப்பெயர் அமையவில்லை. இவ்வேறுபாட்டைத் தற்செயல் எனக் கொண்டாலும், புல்வெளியின் பிற்கால வரலாறு இப்பெயரின்மையோடு ஒத்தே செல்கிறது.

1838ஆம் ஆண்டுக்குச் சரியாக ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1938இல், ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் இருவேறு விளக்கங்கள் வெளிவந்தன. என். எல். போர் என்பவர் புல்வெளியைத் தீயும் மேய்ச்சலும் தடுத்து நிறுத்திய இடைநிலையாகக் கண்டார். தீயும் கால்நடையும் நீங்கின் சோலை பரவும் என்பது அவர் கருத்தின் உட்கிடை. சி. ஆர். ரங்கநாதன் மாறுபட்டார். திறந்த வெளியில் விழும் உறைபனி சோலை மரங்களின் நாற்றுகளைக் கொன்றுவிடுகிறது. ஆகவே புல்வெளி அவ்விடத்துக்குரிய நிலைத்த சமுதாயமே என்றார். இருவரும் கிளெமென்ட்ஸின் சொற்களையே ஆண்டனர் என்பது கவனிக்கத்தக்கது. புல்வெளி உச்சநிலையா, அன்றா என்பதே வினாவாக இருந்தது. ஏணி உண்டா என்பது வினாவாகவில்லை.

ஆட்சிநிலையில் வென்றது முதற்கருத்து. ஹாரி சாம்பியன் 1936இல் வகுத்த இந்தியக் காட்டு வகைப்பாட்டை, அவரும் எஸ். கே. சேத்தும் 1968இல் திருத்தி வெளியிட்டனர். வனத்துறைகள் இன்றளவும் மேற்கோளாகக் கொள்ளும் அவ்வகைப்பாட்டில், தென்னிந்திய மலைப்புல்வெளி சோலைக்காட்டின் ‘சிதைவு நிலை’ என்னும் தலைப்பின்கீழ் வைக்கப்பட்டுள்ளது. வருவாய்த்துறை வழக்கிலும் மரமும் பயிரும் இல்லாத நிலம் தரிசாகவோ புறம்போக்காகவோ பதிவாயிற்று. புறம்போக்கு என்பது வரிவிதிப்புக்குப் புறம்பானது என்னும் கணக்குச் சொல்லே. நாளடைவில் அது பயனற்றது என்னும் இழிபொருளையும் ஏற்றது.

இப்பெயர்கள் நிலத்தின்மேல் செயற்பட்டன. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்ட, நீலகிரித் தமிழில் சீகை, கற்பூர மரம் என வழங்கும் மரங்கள், முதலில் உதகமண்டலத்தின் விறகுத் தேவைக்காக நடப்பட்டன. நாடு விடுதலை பெற்றபின் தோல் பதனிடும் பட்டைக்கும், மரக்கூழுக்கும் பெரும்பரப்பில் நடப்பட்டன. தோட்டங்களுக்கு இடமாக அமைந்தது பெரும்பாலும் புல்வெளியே. சீகை விதைகள் மண்ணில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, தீக்குப்பின் கூட்டமாக முளைப்பவை. ஆதலால் நடாத இடங்களிலும் அது பரவிற்று. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட நான்கு பதிற்றாண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு மறைந்ததாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018இல் தெரிவித்தது.

இதற்கிடையில் புல்வெளியின் தொன்மை பற்றிய வினாவுக்கு வேறொரு துறையிலிருந்து விடை கிடைத்தது. நீலகிரிச் சதுப்புகளில் மட்கிய தாவரப் பொருள் ‘பீட்’ எனப்படும் படிவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்துள்ளது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களுட் பலவும் காற்றிலுள்ள கரியமில வாயுவை வெவ்வேறு வேதிவழிகளில் ஏற்பதால், அவற்றின் எச்சங்களில் கார்பன் ஐசோடோப்புகளின் விகிதம் வேறுபடும். ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டைப் பயன்கொண்டது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் வறண்ட காலத்தில் புல் மிகுந்திருந்தது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்தபோது மரவகை மேலோங்கியது. 5,000 ஆண்டுகள் முதல் 2,000 ஆண்டுகள் முன்வரை வறட்சி மீண்டபோது புல்லும் மீண்டது.

இச்சான்றின்படி புல்வெளி, மனிதர் சோலையை அழித்ததால் மட்டும் தோன்றியதன்று. சோலை பெருகிய காலமும் உண்டு. புல் பெருகிய காலமும் உண்டு. ஒன்று மற்றொன்றின் முதிர்ச்சியுமன்று, சிதைவுமன்று. இதனைக் கூறுவதற்கு ‘வளர்ச்சி’ என்னும் சொல் உதவாது என்பது வெளிப்படை.

தமிழ் வாசகர்க்கு இவ்விழப்பின் ஒரு கூறு தனியே நோக்கத்தக்கது. குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும் குறிஞ்சிச் செடி, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006இலும் 2018இலும் மலைச்சரிவுகளில் பெருந்தொகையாகப் பூத்தது. அது சோலை மரங்களின் அடர்நிழலுக்கு உரியதன்று. வெயில்படும் புல்வெளிச் சரிவுகளுக்கு உரியது. புல்வெளியை முழுமையுறாத காடாகக் கண்டு மரத்தால் மூடியபோது, மலைநிலத்துக்கே பெயராகிய செடியும் இடமிழந்தது.

5. இலையுதிர் காடும் தீயும்

மலையடிவாரக் காடுகளின் வரலாறு இவ்வினாவை வேறொரு வகையில் எழுப்புகிறது. மைசூர் மன்னர்களின் வேட்டைக்காடாக இருந்த பந்திப்பூர், 1973இல் புலிகள் திட்டம் தொடங்கப்பட்டபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காப்பகங்களுள் ஒன்றாயிற்று. அதனையடுத்த முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையம் 1988இல் 50 ஹெக்டேர் பரப்புள்ள நிலையான ஆய்வுக்களத்தை அமைத்தது. மார்பளவு உயரத்தில் 1 செ.மீ.க்கு மேற்பட்ட விட்டமுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிடப்பட்டது. முதற்கணக்கில் 71 இனங்களைச் சேர்ந்த 25,929 மரங்கள் பதிவாயின. ஆண்டுதோறும் இறந்தனவும் புதிதாய்த் தோன்றியனவும் கணக்கிடப்பட்டு வந்தன.

இடத்தைக் காலமாகப் படிக்காமல், ஓரிடத்திலேயே இருந்து காலத்தைப் படிக்கும் முறை இது. முதற்கணக்கின்போது மிகுதியாக இருந்த கைடியா காலிசினா என்னும் மரம், யானைகள் தின்று முறித்ததால் சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்தது. தீப்பரவிய ஆண்டுகளில் சிறுமரங்கள் கருகின. அவற்றுட் பல வேரிலிருந்து மீண்டும் துளிர்த்தன. கருமருது, வெக்காலி, தேக்கு முதலிய பெருமரங்கள் பெரும்பாலும் நிலைத்தன. ஒரு முதிர்நிலையை நோக்கிய சீரான நடை அங்குக் காணப்படவில்லை. மழை, தீ, யானை ஆகிய மூன்றின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப அச்சமுதாயம் கூடியும் குறைந்தும் இயங்கிற்று.

1997இல் மைசூர் மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில் பிலிகிரிரங்கன் மலை உள்ளது. அங்கு வாழும் மக்கள் தமிழில் சோளகர் என்றும் கன்னடத்தில் சோலிகர் என்றும் வழங்கப்படுகின்றனர். கோடையின் தொடக்கத்தில் சருகு மட்டும் எரியுமாறு இடும் தணிந்த தீயை அவர்கள் ‘தரகு பெங்கி’ என்பர்; தரகு என்பது சருகு, பெங்கி என்பது நெருப்பு. 1974இல் அம்மலை சரணாலயமானபின் இத்தீ தடை செய்யப்பட்டது. அதன்பின் உண்ணிச்செடி பெருகிற்று என்றும், நெல்லி மரங்களில் புல்லுருவி மிகுந்தது என்றும் அவர்கள் கூறுகின்றனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்குள் வந்த உண்ணிச்செடி, அம்மலையில் 1997க்கும் 2008க்கும் இடையில் ஏறத்தாழ இருமடங்கு இடங்களில் பரவியதை ஆய்வுகளும் பதிந்துள்ளன. அடர்ந்து வளர்ந்த உண்ணிப் புதர் பிற நாற்றுகளுக்கு இடம் கொடாது. காய்ந்தபின் தணிந்த தீயைப் பெருந்தீயாக்கும். கானலும் ஸ்லேட்டியரும் கூறிய தடுக்கும் வகைக்கு இது பொருந்துவது.

இங்கு இரு மொழிகள் எதிர்நின்றன. ஒன்றில் தீ என்பது வளர்ச்சிக்கு இடையூறு. ஆதலால் எத்தீயும் ஒரே தீ. மற்றொன்றில் சருகுத்தீக்குத் தனிப்பெயர் உண்டு. பெயர் இருப்பதனாலேயே அதனைப் பெருங்காட்டுத்தீயினின்று பிரித்துப் பேச இயல்கிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பரவிய பெருந்தீக்குப் பின்னர் இவ்வேறுபாட்டின் தேவை மேலும் தெளிவாயிற்று.

6. தமிழ் மரபில் நிலத்திரிபு

நிலம் மாறுவதைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்குக்கும் நிலம் வகுத்து, பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை எனக் கூறுகிறது. இக்கூற்றில் பாலை இடமாக அன்றி நிலையாகவே கருதப்படுகிறது. அந்நிலை காலத்தால் வருவது. மழை பெய்தால் நீங்குவது. திணைகள் ஒன்றோடொன்று கலத்தலையும் இலக்கணம் திணைமயக்கம் என ஏற்றுக்கொள்கிறது.

உழவு வழக்கிலும் காலம் கருதிய சொற்கள் உண்டு. புதிதாகக் காடு திருத்திய கொல்லை ‘இதை’ எனவும், உழுது பழகிய பழங்கொல்லை ‘முதை’ எனவும் அகராதிகள் பொருள் தருகின்றன. ஒரே புனத்தின் இளமையையும் முதுமையையும் வேறு பிரித்த இச்சொற்கள், திருத்திய நிலத்தின் வயதை ஒரு செய்தியாகக் கருதிய சமூகத்தின் சொற்களாகும்.

திணைக்கோட்பாடு பாட்டின் பொருளைப் பற்றியது. அதனைச் சூழலியல் எனக் கொண்டு பெருமை பேசுதல் ஆய்வுக்கு உகந்ததன்று. எனினும் மொழிபெயர்ப்பாளர்க்கு அதில் ஒரு பயன் உண்டு. ஒன்று மற்றொன்றாதலை உயர்வு தாழ்வு சுட்டாமல் கூறும் ‘திரிதல்’, ‘மயங்குதல்’ போன்ற வினைகள் தமிழில் முன்னரே கருத்துச் சொற்களாக ஆளப்பட்டுள்ளன என்பதே அது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு செய்திகள் பெறப்படும். முதலாவது, ‘வழிமுறை வளர்ச்சி’ என்பதனை ஒரு கோட்பாட்டின் பெயராகவும், நிகழ்வின் பெயரைத் தனியாகவும் கொள்ளுதல் வேண்டும். கிளெமென்ட்ஸையும் அவர் வழிவந்தோரையும் பெயர்க்கும்போது ‘வளர்ச்சி’, ‘உச்சநிலை’, ‘சிதைவு நிலை’ ஆகியவற்றை அவ்வாறே ஆளலாம். அவர்கள் கருதியது அதுவே. நிகழ்வைப் பொதுவாகச் சுட்டுமிடத்தும் அண்மைக்கால ஆய்வுகளைப் பெயர்க்குமிடத்தும் ‘தொடர்மாற்றம்’ என்பது பொருந்தும். அது திசையை முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. அவ்வாறே ‘உச்சநிலைச் சமுதாயம்’ என்பதற்கு ‘நிலைத்த சமுதாயம்’ என்பது ஏற்புடையதாகும்.

இரண்டாவது, சொல்லை மாற்றியதால் நிலத்தின் சிக்கல் தீர்ந்துவிடாது. சீகைத் தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் இன்று சோலை மர நாற்றுகள் முளைத்து வருகின்றன. அவற்றை வெட்டிப் புல்லை மீட்பதா, விட்டுவைத்துச் சோலையாக விடுவதா என்பதில் சூழலியலார் கருத்து வேறுபடுகின்றனர். வளர்ச்சி என்னும் சொல்லால் சிந்திப்போர்க்கு இவ்வினாவே எழாது. மரம் வந்தது, அதுவே முடிவு. மாற்றம் என்னும் சொல்லால் சிந்திப்போர், வந்தது எது, போனது எது, எவர்க்கு எது தேவை என ஒவ்வொரு சரிவுக்கும் தனித்தனியே கேட்க வேண்டியவராவர். மைசூரிலிருந்து உதகமண்டலம் வரையுள்ள சாலையோரக் காடுகள் ஓர் ஏணியின் படிகள் அல்ல. முட்புதரும் இலையுதிர் காடும் புல்வெளியும் சோலையும் தத்தம் மழைக்கும் மண்ணுக்கும் உயரத்துக்கும் தீக்கும் ஏற்ப அமைந்து, தத்தம் வழியில் மாறி வருபவை. மாணவர் கையிலுள்ள பாடநூலின் சொல் இவ்வுண்மைக்கு இடம் தருவதாக அமைதல் வேண்டும்.